பட்டதாரி என்ற சொல்

ஆவணி, செவ்வாய்க்கிழமை.

எங்கள் பத்திரிகைக்காகக் குலநாயகம் அண்ணையின் இறப்புச் செய்தியை எழுதி எடுத்துக்கொண்டு, விவரம் சரிபார்க்கக் கரவெட்டியில் உள்ள அவருடைய வீட்டுக்குப் போனேன். மனைவி வாசிக்கச் சொன்னார். “பல்கலைக்கழகப் பட்டதாரியும்...” என்று தொடங்கியதுமே கையை நீட்டி நிறுத்தினார்.

“தம்பி, பட்டதாரி எண்டு போடாதேங்கோ. அவர் கடைசிச் சோதினை எடுக்கேல்லை. அவரின்ரை ஐயா படுக்கையிலை விழ, படிப்பை விட்டிட்டுத் தோட்டத்துக்கு வந்திட்டார்.”

கனடாவிலிருந்து வந்திருந்த மகனுக்கு அது பிடிக்கவில்லை. “கிடக்கட்டுமம்மா. ஆருக்குத் தெரியப்போகுது?”

“கொப்பருக்குத் தெரியும்,” என்றார் தாய், கணவரின் படத்தைக் காட்டி.



முன்பு இரண்டு தரம் அவரைப் பட்டதாரி என்று எழுதியிருக்கிறேன். இரண்டு தரமும் சைக்கிளில் அலுவலகத்துக்கு வந்து, “நான் பழைய மாணவன் மட்டும்தான், திருத்திப் போடும்” என்றார். தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்துவிட்டு இருந்துவிட்டேன்.

பல்கலைக்கழகத்துக்குப் புது மாணவர்கள் வரும் நாளில் பஸ் நிலையத்தில் நின்று, தூரத்துப் பிள்ளைகளுக்கு அறை தேடிக் கொடுப்பார். இரத்ததானத்துக்கு ஊர் ஊராக ஆள் திரட்டுவார். பட்டமளிப்பு விழாவன்று வாசலில் நின்று வருகிறவர்களுக்கு வழிகாட்டுவார். மண்டபத்துக்குள் மட்டும் வரமாட்டார். ஏனென்று நான் கேட்டதில்லை. நாற்பது வருடம், தனக்கு ஒரு தாளும் தராத இடத்துக்கு! நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது.

“பழைய மாணவர்” என்று மாற்றிக் கொடுத்துவிட்டேன். அவர் கேட்ட திருத்தம் நாளைக்குத்தான் வருகிறது.