எந்தத் தப்புக்கு மன்னிப்பு?

போடிநாயக்கனூர்
9.5.1976

அன்பு மகள் பொன்னுமணிக்கு,

உன் தம்பி அழகுமலையை என்ன குற்றம் என்று சொல்லாமல் பிடித்துப்போய் மூன்று மாதம் ஆகிறது. அப்படிப் பிடித்தது சரியா என்று கேட்கவே நமக்கு வழியில்லை என்று நீ இருக்கும் டில்லியிலேயே உச்ச நீதிமன்றம் போன மாதக் கடைசியில் சொல்லிவிட்டது. அதனால் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும். அங்கே வெயில் கொடியது என்கிறார்கள், பிள்ளையை மதியத்தில் வெளியே தூக்கிப் போகாதே. இங்கே கோடை மழை இரண்டு தூறலோடு நின்றுவிட்டது. ஏலச்செடிகள் சரம் விடும் நேரத்தில் வாடி நிற்கின்றன, குடத்தில் சுமந்து ஊற்றுகிறோம், செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது.

அவன் செய்தது உனக்குத் தெரியும். மெட்டு மலைப்பாதை வளைவில் தோட்டத்து ஆட்களை ஏற்றிய ஜீப்பு கவிழ்ந்து இரண்டு பெண்கள் செத்தபோது, ஒரு ஜீப்பில் இருபத்திரண்டு பேரை அடைக்கக் கூடாது என்று ஊரெல்லாம் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தான். அதற்குத்தான் மிசாச் சட்டத்தில் உள்ளே வைத்தார்கள் என்று நாம் நினைக்கிறோம். நினைக்கத்தான் முடியும், காகிதத்தில் ஒன்றும் இல்லை. சென்னையில் வக்கீல் ராஜாராம் அவனுக்காகப் போட்டதற்கு ஆட்கொணர்வு மனு என்று பெயர். அப்படியென்றால் என்ன என்று உன் அம்மா கேட்டாள். நீதிபதி சர்க்காரைப் பார்த்து ஆளைக் கொண்டா என்று சொல்வது என்றேன். “அம்புட்டுத்தானா, அதுக்கா இம்புட்டுத் தாளு?” என்றாள். அம்புட்டுத்தான். பல உயர் நீதிமன்றங்கள் அப்படிக் கேட்கலாம் என்று சொல்லியும் இருந்தன. இப்போது மேலே ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர், நெருக்கடி நிலை முடியும்வரை அந்தச் சொல்லை எந்த நீதிமன்றமும் சொல்ல முடியாது என்று எழுதிவிட்டார்கள். ஒருவர் மட்டும் மறுத்திருக்கிறார். அந்த நால்வரில் ஒருவர், காவலில் இருப்பவர்களைச் சர்க்கார் ஏறக்குறைய ஒரு தாயைப்போலப் பார்த்துக்கொள்கிறது என்று எழுதியிருப்பதாக வக்கீல் சொன்னார். அதை வீட்டில் வந்து சொன்னேன். “தாயி மாதிரியா? பெத்தவ கொண்டுபோன கண்ணாடியவே உள்ள விடல. கண்ணு தெரியாம அலையுற பிள்ளைய எந்தத் தாயி பாத்துக்கிட்டு இருக்கா?” என்று உன் அம்மா போட்ட சத்தம் தெருக்கோடிவரை கேட்டது.

நான் ஐந்தாவதோடு நின்றவன். ஆனாலும் பேப்பர் படித்தும் வக்கீல் குமாஸ்தாவைத் துளைத்தெடுத்தும் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். சட்டம் போடுகிறவர்கள் ஓரிடம், அதை நடத்துகிறவர்கள் ஓரிடம், இருவரும் வரம்பு மீறினால் தடுக்கிறவர்கள் ஓரிடம் என்று பிரித்து வைத்தது எதற்கு? எல்லோரும் எப்போதும் நல்லவர்களாகவே இருப்பார்கள் என்றால் பிரிக்கவே வேண்டியதில்லையே. ஆள்கிறவர்களை நம்புங்கள் என்று சொல்ல நீதிபதி எதற்கு? ஜீப்பு ஓட்டும் வீரணனிடம் இதைச் சொன்னபோது, “மாமா, எறக்கத்துல பிரேக்கு இல்லைன்னு தெரிஞ்சா டிரைவரு நல்லவனான்னு எவனும் கேக்க மாட்டான், வெரசாக் குதிச்சிருவான்” என்றான். நாம் எங்கே குதிப்பது?

ஒரு வரி மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்களாம், அவனை எழுதச் சொல்லுங்கள் என்று நீ எழுதியிருந்தாய். உன் கடிதத்தை வைத்துக்கொண்டு உன் அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவளுக்காகத்தான் போன வாரம் சிறைக்குப் போனபோது அதைச் சொன்னேன். சொன்னதற்கு இன்றும் என்மேலேயே எனக்குக் கோபம். மெலிந்திருக்கிறான். ஆனாலும் சிரித்துவிட்டு, “எழுதித் தாரேன்ய்யா. என்ன தப்புன்னு அவுககிட்டயே கேட்டுட்டு வாங்க, எழுத்துப்பிழை இல்லாம எழுதித் தாரேன்” என்றான். காவலுக்கு நின்றவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அங்கேயே எனக்கு எல்லாம் தெளிந்துவிட்டது. இனி மன்னிப்பு என்ற பேச்சை நீ எழுதாதே.

ஆகவே நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். சர்க்கார் அவனை விட வேண்டும், அல்லது குற்றம் இன்னது என்று எழுதி வழக்குப் போட வேண்டும். உச்ச நீதிமன்றம் தான் கைவிட்ட வேலையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். பாராளுமன்றம், எந்தக் காலத்திலும் எவரும் பறிக்க முடியாதபடி அந்த உரிமையைச் சட்டத்தில் எழுதிவைக்க வேண்டும். வக்கீல் மனுவை வாபஸ் வாங்கக் கூடாது. நான் வாரம் தவறாமல் கலெக்டர் ஆபீசில் போய் நிற்பேன். நீ, மறுத்து எழுதிய அந்த ஒரு நீதிபதியின் தீர்ப்பு நகலை வாங்கி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்ப வேண்டும். மாப்பிள்ளை சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர், அவர் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம், நீ போய்வரும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் போதும். உனக்கு முன் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறவர் யாரோ, அவர் படித்து முடித்ததும் நன்றாகப் பசை தடவி ஒட்டி, என் மகளிடம் தாமதமில்லாமல் சேர்க்க வேண்டும்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும். நகல் வாங்க மறக்காதே. யாரும் தேடி அலைய வேண்டாம் என்று முழு விலாசமும் எழுதியிருக்கிறேன்.

உன் அய்யா,
பெ. ராக்கையா,
கதவு எண் 14, மேலத்தெரு,
போடிநாயக்கனூர்.