சரிவில் நின்ற வண்டி

அன்புள்ள சின்னவளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே நலம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் திறந்தேன். போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் என்ன சொன்னாலும் நீ இப்போதெல்லாம் சரிப்பா, சரிப்பா என்கிறாய். அந்தச் சரிப்பா எனக்கு வேண்டாம். காகிதம் என்றால் குறுக்கே பேச முடியாது, முழுக்கப் படித்துத்தான் ஆகவேண்டும்.

கார் நின்றுபோன கதையை உன் அண்ணன் சொல்லியிருப்பான், ஆனால் அவன் சொன்னது பாதிதான். அந்த வியாழக்கிழமை அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மேம்பாலம் ஏறும்போதே சூடு காட்டும் முள் மேலே போக ஆரம்பித்தது. இறங்கி முடிப்பதற்குள் சிவப்பைத் தொட்டுவிட்டது, கூடவே ஆயில் விளக்கும் எரிந்தது. வீட்டுக்கு இன்னும் ரெண்டு தெருதானே, ஓட்டிடுங்க என்றாள் உன் அம்மா. நான் கேட்கவில்லை. பாலம் இறங்கியதும் சமதரையில் ஓரம் கட்டி உடனே இன்ஜினை அணைத்துவிட்டேன். அவள் தண்ணீர் பாட்டிலோடு இறங்கி ரேடியேட்டரில் ஊற்றக் கிளம்பினாள். கொதிக்கிறப்ப மூடியைத் திறந்தா மூஞ்சி வெந்துடும், பேசாம உட்காரு என்று அதட்டினேன். கோபித்துக்கொண்டு அந்தத் தண்ணீரை அவளே குடித்தாள். முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவிப் பார்த்தேன். நுனியில் மட்டும் ஈரம். என்னால் நம்பவே முடியவில்லை, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தக் குச்சியைத் துடைத்து, விட்டு, எடுத்துப் பார்த்து, காலண்டரில் டிக் போடுகிறவன் நான். நாலு நாள் முன்பு பார்த்தபோது குச்சியில் இருக்கும் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது ஆயில்.

மெக்கானிக் வண்டியை இழுத்துப் போய்ப் பார்த்துவிட்டு, ஆயில் பிரஷரே இல்ல, ஆயில் பார்க்குற பழக்கமே இல்லையா சார், இன்னும் ரெண்டு நிமிஷம் ஓட்டியிருந்தா இன்ஜினே ஜாம் ஆகியிருக்கும் என்றான், அதுவும் உன் அண்ணன் முன்னால். வாரா வாரம் பார்க்கிறேன் என்றேன். மெக்கானிக் சிரித்தான், உன் அண்ணன் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து காலண்டரைக் காட்டினேன். டிக் போட்டிருக்கீங்க, பார்த்தீங்களான்னு உங்களுக்கே ஞாபகம் இருக்காதுப்பா என்றான். போன மாதம் அவன் வாங்கித் தந்த குடையை நான் எங்கேயோ விட்டுவிட்டு வந்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, சாவி இனிமே என்கிட்ட இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டான். அன்று சாயங்காலம் நீ பேசினாய். நீயாவது சத்தம் போட்டிருக்கலாம். பரவாயில்லப்பா, வயசானா மறக்கத்தான் செய்யும் என்று குட்டியிடம் பேசுகிற குரலில் பேசினாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்கிறேன் கண்ணு, அதற்குப் பிறகு எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. கேஸை அணைத்தேனா என்று மூன்று முறை எழுந்து போய்ப் பார்த்தேன். பார்த்ததாக நினைத்ததெல்லாம் பார்க்காததுதானோ என்று பயந்துகொண்டே பத்து நாள் ஓட்டினேன்.

பதினோராம் நாள் வண்டி தயாரானது. ஆயில் கசிந்துகொண்டிருந்த ரப்பர் வளையத்தை மாற்றி, புது ஆயில் ஊற்றி, பட்டறையிலேயே குச்சியை உருவிக் காட்டினான் மெக்கானிக். நட்டநடுவில் நின்றது. உன் அண்ணன் ஓட்டிவந்து வாசலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனான். எனக்கு மனசு கேட்கவில்லை. இன்ஜின் ஆறியதும் நானும் ஒரு தடவை பார்த்தேன். மேல் கோட்டைத் தாண்டி நின்றது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், அதேதான். வருகிற வழியில் ஆயில் எங்கிருந்து ஊறும் என்று யோசித்தபடியே தரையைப் பார்த்தேன். மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வராமல் தெருவுக்கு ஓடட்டும் என்று அந்த வாசல் தளத்தைச் சரிவாகப் போட்டது யார்? நாற்பது வருஷம் மேஸ்திரி வேலை பார்த்த உன் அப்பன்தான். பரணிலிருந்து, தளம் மட்டமா என்று பார்க்கும் ரசமட்டத்தை இறக்கி வண்டிப் பக்கத்தில் தரையில் வைத்தேன். அதன் கண்ணாடிக்குள் இருக்கும் குமிழி ஒரே ஓட்டமாக மேடான வீட்டுப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. வண்டி எப்போதும் தெருப்பக்கம் மூக்கைத் தாழ்த்தி நிற்கிறது, ஆயில் முழுக்கக் குச்சி இருக்கும் முன்பக்கம் வந்து கூடிவிடுகிறது, குறைந்தாலும் குறையாத மாதிரி காட்டுகிறது. ஓடும்போது மட்டும் கசிந்ததால் தரையில் கறையும் இல்லை. இத்தனை வருஷமாகப் புது ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கும்போதெல்லாம், தாராளமாக ஊற்றியிருக்கிறான் என்று மெக்கானிக்கை மெச்சியிருக்கிறேன். ஊரார் வீட்டுக்கெல்லாம் மட்டம் பார்த்தவனுக்குத் தன் வாசலில் புத்தி வேலை செய்யவில்லை. ஆனால் இது மறதி இல்லை, மடத்தனம். அது எனக்கு இருபது வயதிலேயே இருந்தது, வேண்டுமானால் உன் அம்மாவைக் கேள்.

உன் அண்ணனைக் கூப்பிட்டுக் குமிழியைக் காட்டினேன். அவன் வண்டியைத் தெருவில் சமமான இடத்துக்குக் கொண்டுபோய், கொஞ்ச நேரம் விட்டு அவனே குச்சியை உருவிப் பார்த்தான். நட்டநடுவில். திரும்பி வந்து சாவியை என் கையில் வைத்து, குடையை மட்டும் தேடி எடுத்துடுங்கப்பா என்றான். அவன் கண் கலங்கியிருந்தது, நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். நாளை அம்மாவை மறுபடி கண் டாக்டரிடம் நானே கூட்டிப் போகிறேன். ஒரு நாள் எனக்கு நிஜமாகவே மறக்க ஆரம்பித்தால் சாவியை நானே கொடுத்துவிடுவேன், அதற்கு யாரும் கேட்க வேண்டியதில்லை. அதுவரைக்கும் நீ போனில் பழையபடி என்னோடு சண்டை போடு. நான் சொல்வது தப்பு என்றால் தப்பு என்று சொல். சரிப்பா என்று மட்டும் சொல்லாதே.

மாப்பிள்ளையிடம் உங்கள் வண்டியைச் சமதரையில் நிறுத்தி ஆயில் பார்க்கச் சொல். சிவப்பு விளக்கு எரிந்தால் வீடு கண்ணுக்குத் தெரிந்தாலும் நிறுத்திவிட வேண்டும். நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க எங்கள் இருவருடைய ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
குடையைத் தொலைத்த, ஆனால் ஒரு ஞாயிறுகூட ஆயில் பார்க்க மறக்காத
உன் அப்பா