வாண்டுக்கு எந்த ரோபோ?

ஏப்ரல் 2

லிஃப்ட்காரருக்கு,

நலமறிய ஆவல் என்று எழுதினால் பொய்யாகிவிடும். உங்கள் முடிவை அறியத்தான் ஆவல். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வருகிறது, முக்கியமானதைக் கடிதத்தில் வைத்துக்கொள்வோம் என்றது நீங்கள். ஆகவே எழுத்தில் கேட்கிறேன்: வாண்டுக்கு எந்த ரோபோ?

வண்டியாகவும் மாறுகிற ரோபோ. பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பாகம் பாகமாக வெட்டியெடுத்து நாமே பொருத்த வேண்டும்; கிட் என்று பெட்டியில் விற்கிறார்கள். உங்கள் மகளுக்கு இந்த வருஷம் பிடித்திருக்கும் பைத்தியம் இது. "முதல் கிட்டை நான் பார்த்துச் சொல்றேன், லீவுக்கு ஊருக்கு வந்து, ரெண்டு பேரும் சேர்ந்து செய்யலாம்" என்று வாக்குக் கொடுத்தவரும் நீங்கள்தான். லேபில் நான் செய்ய வேண்டிய பல் கேப்கள் குவிந்து கிடக்க, சாயங்காலம்தோறும் அவளோடு கடை வாசலில் நிற்கிறேன். எங்களைக் கண்டாலே கடைக்காரர் கண்ணாடி துடைக்கப் போய்விடுகிறார்.

சீக்கிரம் எழுதுங்கள்.

பல்லுக்காரி

ஏப்ரல் 9

அன்புள்ள பல்லுக்காரிக்கு,

கோபப்படாதே. நிறையப் பார்த்துவிட்டேன். சிவப்பு லாரி அழகுதான், ஆனால் தோள் மூட்டு சீக்கிரம் தொளதொளத்துவிடும் என்கிறார்கள். ஜெட் விமானம் மாற வேண்டுமென்றால் கையைக் கழற்றி வேறிடத்தில் மாட்ட வேண்டுமாம். அதற்குப் பெயர் உருமாற்றமா? டைனோசருக்குப் பசை வேண்டும். முதல் கிட் என்றால் அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ள வேண்டும்.

ஊரார் ஏறும் லிஃப்டுக்கே நான் ஏறிப் பார்த்த பிறகுதான் சான்றிதழ் தருகிறேன். பெற்ற மகளுக்கு அதைவிடக் குறைவாகவா பார்ப்பேன்? கொஞ்சம் பொறு. இதையெல்லாம் அவளிடமும் சொல்லியிருக்கிறேன்.

லிஃப்ட்காரன்

ஏப்ரல் 15

லிஃப்ட்காரருக்கு,

பொறுத்தேன். நேற்று கடையில் வாண்டு அந்தச் சிவப்பு லாரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள். "எடுத்துக்கோடி" என்றேன். "தோள் லூசாயிடும்னு அப்பா சொன்னாரே" என்று திரும்ப வைத்துவிட்டாள். நீங்கள் அவளுக்குச் சேர்த்துவைத்திருக்கும் சொத்து இது.

கடைக்காரர் பொறுக்கமுடியாமல், "பாப்பா, எதுலயும் ஏதாவது ஒண்ணு லூசாத்தான் இருக்கும். மனுஷனுக்கே இருக்கு" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

என்னைக் கட்டிக்கொள்ளும் முன் இவ்வளவு சோதித்தீர்களா? சோதித்திருந்தால் இருவருமே தப்பித்திருப்போம்.

லீவு தொடங்கிவிட்டது. கிட் முடிவானதும் டிக்கெட் போடுவதாக அவளிடம் சொன்னீர்களாமே. நல்ல வசதி. முடிவாகாதவரை வரவும் வேண்டாம், வரமாட்டேன் என்று சொல்லவும் வேண்டாம்.

பல்லுக்காரி

ஏப்ரல் 22

அன்புள்ள பல்லுக்காரிக்கு,

முடிவாகிவிட்டது. தீயணைப்பு வண்டி. மூட்டெல்லாம் கச்சிதம், பசை வேண்டாம், ஏணிகூட நீள்கிறது. திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்தேன், எங்குமே சிக்கவில்லை. பார்சல் போட்டாயிற்று. இனி நீ என்னைக் குறை சொல்ல முடியாது.

இந்த மாதம் ஆய்வுகள் நெருக்கமாக இருக்கின்றன. டிக்கெட் பார்க்கிறேன்.

லிஃப்ட்காரன்

ஏப்ரல் 27

லிஃப்ட்காரருக்கு,

பார்சல் வந்தது. "எங்குமே சிக்கவில்லை" என்ற வரியைப் படித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். செய்து முடித்த ரோபோவையா ஒருவர் கிட் என்று அனுப்புவார்? ஸ்டிக்கர்கூட ஒட்டியிருக்கிறீர்கள். பாகங்களை வெட்டியெடுத்த காலிச் சட்டங்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வேறு வைத்திருக்கிறீர்கள், எதற்கென்று தெரியவில்லை. மென்று ஊட்டுகிற வேலை இது. பல் செய்கிறவள் சொல்கிறேன், அவளுக்குப் பல் இருக்கிறது.

வாண்டு அதை ரோபோவாக்கினாள், வண்டியாக்கினாள், மறுபடி ரோபோவாக்கினாள். "அப்பா நல்லாத்தான் பண்ணியிருக்கார்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இதுல நான் என்னம்மா பண்ணணும்?"

தூசி தட்டணும் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். நீங்களே அவளுக்குப் பதில் எழுதுங்கள்.

பல்லுக்காரி

மே 3

அன்புள்ள பல்லுக்காரிக்கு,

அவளுக்கு என்ன எழுத? உனக்கு எழுதுகிறேன். தோள் மூட்டை மட்டும் பார்க்கலாம் என்றுதான் பெட்டியைத் திறந்தேன். தோள் முடிந்ததும் கை எப்படிச் சேர்கிறது என்று பார்க்கத் தோன்றியது. வேலை முடிந்து இந்த அறைக்கு வந்தால் நான் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், உனக்குத் தெரியாது. அன்று அடுப்பில் பால் தீய்ந்த வாசனைகூட மூக்கில் ஏறவில்லை. முடித்த பிறகுதான் யாருடைய வேலையைச் செய்தேன் என்று உறைத்தது. பிரித்துப் பார்த்தேன், உடைந்துவிடும் போலிருந்தது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

அடுத்ததை அவளே தேர்ந்தெடுக்கட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

லிஃப்ட்காரன்

மே 8

லிஃப்ட்காரருக்கு,

தேர்ந்தெடுத்துவிட்டாள். கடையிலேயே பெரிய பெட்டி. ஐந்து வண்டிகள் தனித்தனியே மாறி, பிறகு ஒரே ரோபோவாகச் சேருமாம். நகக்கண் அளவுப் பாகங்கள். "முதல் கிட்டா இது? பழகினவங்களே திணறுவாங்க" என்று கடைக்காரரே தடுத்தார். கடையில் வைத்தே கத்திவிட்டேன்.

"உங்கப்பா அளவுக்கு மீறி யோசிக்கிறார், நீ கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமாடி?"

"யோசிச்சுட்டேன்மா. சின்னது வாங்கினா அப்பா ரெண்டே நாள்ல முடிச்சிட்டுப் போயிடுவார். இதுக்கு லீவு முழுக்க ஆகும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் எதையும் பார்க்காமல் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது அது சாப்பாட்டு மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கிறது. நகர்த்தவும் விடமாட்டேன் என்கிறாள், திறக்கவும் விடமாட்டேன் என்கிறாள். நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். இதில் எத்தனை மூட்டு லூசு என்று விசாரித்து எழுதாதீர்கள். டிக்கெட் பார்க்கிறேன் என்றும் எழுதாதீர்கள். வந்து சேரும் தேதியை மட்டும் எழுதுங்கள். உங்கள் லிஃப்டுகள் கொஞ்ச நாள் தாமாகவே ஏறி இறங்கட்டும்.

திரும்பிப் போகிற டிக்கெட்டை இப்போதே போட வேண்டாம்.

பல்லுக்காரி