சுவர் ஆறினால் போதாது

அன்புள்ள மகளுக்கு,

இங்கே மூவரும் நலம். நீயும் நலம் என்று போனில் சொன்னாய், உன் குரல் அப்படிச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் தேவலை, படியேறும்போது மட்டும் தெருவுக்கே கேட்கும்படி முனகுகிறார். மாமா அதே அவசரக் குடுக்கைதான். போன வாரம் நம் பீங்கான் பட்டறையில் வெளிச்சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூளை ஆறிவிட்டதென்று கதவைத் திறந்துவிட்டான். நான் சோதனை அறையிலிருந்து ஓடி வருவதற்குள், உள்ளே சூடு ஆறாத தட்டுகள் குளிர்காற்றுப் பட்டு ஒவ்வொன்றாக டிங், டிங் என்று விரிசல் விட்டன. சுவர் ஜில்லுனு இருந்துச்சேக்கா என்கிறான். இருக்காதா பின்னே, சுவருக்கு நேராக மின்விசிறியை வைத்தவனே அவன்தான்.

நீ ஆராய்கிற நியூட்ரான் நட்சத்திரம் அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. பக்கத்து நட்சத்திரத்திலிருந்து இழுத்த வாயு மேலே விழுந்து விழுந்து எக்ஸ்-கதிரில் ஜொலித்தது, வரத்து நின்றதும் மங்கியது, சூடேறிய மேலோடு உள்ளகத்தின் வெப்பநிலைக்கு இறங்க வருடக்கணக்காகும் என்றாயே, அது. ஓர் ஊரளவு உருண்டைக்குச் சூரியனைவிட அதிக எடை என்பதை இன்னும் பாதிதான் நம்புகிறேன். ஆனால் யாரும் தொட முடியாத ஒன்றின் உள்ளே என்ன இருக்கிறதென்று, அது ஆறுகிற வேகத்தை வைத்தே நீங்கள் கணிப்பது எனக்குப் பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

கடைசி இரண்டு வெப்ப அளவீடுகளும் ஒன்றுபோல் இருப்பதால் ஆறிவிட்டதென்று எழுதி முடிக்கச் சொல்கிறாராம் உன் பேராசிரியர். இன்னும் ஒரு முறை பார்க்காமல் எழுத மாட்டேன் என்றாயாம், அப்பா சொன்னார். கட்டுரை தாமதமானால் வேலையை நீட்டிக்க மாட்டார்களே, கொஞ்சம் வளைந்து கொடுக்கச் சொல்லேன் என்று அப்பா நச்சரிக்கிறார். அவர் கவலையிலும் நியாயம் இருக்கிறது, ஆனாலும் நான் சொல்ல மாட்டேன். நீ நினைப்பதுதான் சரி என்றும் சொல்ல மாட்டேன், அது உண்மையிலேயே ஆறியிருக்கலாம். ஆனால் எல்லாம் தெரிந்தவர்கள் நிறைந்த அறையில் எனக்கு இன்னும் தெரியவில்லை என்று சொன்னாய் பார், அந்தத் துணிச்சல் என்னிடம் இருந்து வந்ததில்லை. நேரில் புகழ எனக்கு வராது, எழுத்தில் வைத்துக்கொள்.

வேலை போனால் உன் அறை இருக்கிறது, கட்டிலில் அடுக்கி வைத்திருந்த சோதனை ஓடுகளை இன்று காலைதான் எடுத்தேன். வராமல் போனாலும் மகிழ்ச்சிதான். நேரத்துக்குச் சாப்பிடு, நினைத்தது கைகூடட்டும் என்று மூவரும் வாழ்த்துகிறோம். அடுத்த சூளை ஆறிக்கொண்டிருக்கிறது, மாமா இரண்டு முறை வந்து சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டான். இந்த முறை சூளைக் கதவின் சாவி என்னிடம் இருக்கிறது.

உன் அம்மா