பன்னிரண்டு பேருக்கு ஒரு வேன்

என் பெரிய மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சின்னவளும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் வலியையும் சௌக்கியத்தில் சேர்த்துக்கொண்டால். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, லேபில் வேலை முடிந்ததும் நேராக அறைக்குப் போய், எந்தக் காய்ச்சலும் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதானே பேசினோம், அதற்குள் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் எதைச் சொன்னாலும் நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய். உனக்கு நான் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை சரிம்மா என்று விட்டுவிட முடியாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் வீட்டு விஷயம், பிறகு அது. தாண்டிப் படிக்காதே.

நம் பெண்கள் வாலிபால் டீமுக்கு வெளியூர்ப் போட்டி வந்திருக்கிறது. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள், அடுத்த மாதம் இரண்டாவது வாரம், வெள்ளி சனி ஞாயிறு மூன்று நாள். ஊர் உனக்குப் பக்கம், ஒன்றேகால் மணி நேரம்தான். எங்களுக்கு எட்டு மணி நேரம். மேனேஜர் என்று இன்னும் என் பெயர்தான் இருக்கிறது, அதனால் பயண ஏற்பாடு முழுக்க என் தலையில். ஆட்டம் சொல்லித் தருகிற மாஸ்டர் வழக்கம்போல் கையைத் தட்டிவிட்டு, டெப்போவிலேருந்து தினமும் நூத்தி நாப்பது வண்டி அனுப்புறீங்க, ஒரு வேனை அனுப்ப மாட்டீங்களா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அனுப்பலாம், ஆனால் டெப்போ பஸ்ஸில் ஏறுகிறவர்கள் யாரும் கிளம்புகிற நேரத்தில் சாக்ஸைத் தேடுவதில்லை. நான் எப்போதும்போல் பின்னாலிருந்து முன்னால் கணக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்கு முதல் ஆட்டம், எட்டுக்கு வயதுச் சான்றிதழ் பார்ப்பார்கள், அப்படியானால் முந்தின நாளே போய்ச் சேர்ந்து ஒழுங்காகத் தூங்கியிருக்க வேண்டும், அதற்கு மாலை ஏழுக்குள் அங்கே இறங்க வேண்டும், ஆக வியாழக்கிழமை காலை 9.40க்கு இங்கே கிளம்பல். ஏன் ஒன்பதரை என்று போடக்கூடாது என்று அப்பா கேட்டார். ஒன்பதரை என்று போட்டால் பத்து மணிக்கு வருவார்கள், 9.40 என்று போட்டால் என்னவோ ஏதோ என்று பயந்து ஒன்பதரைக்கே வந்து நிற்பார்கள், இருபத்திரண்டு வருஷம் டெப்போவில் டைம் கீப்பராக உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது இதுதான்.

வேன் பதினாலு சீட், டிரைவரைச் சேர்க்காமல். வளைவில் வாந்தி எடுக்கிறவர்கள் மூன்று பேர், அவர்களுக்கு முன் சீட்டு, ஆளுக்கு இரண்டு பிளாஸ்டிக் பை. வழியில் மூன்று இடத்தில் நிறுத்தம், ஒவ்வொன்றும் பன்னிரண்டு நிமிஷம் என்று போட்டிருந்தேன், வேன்காரர் அதைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு ரோஷம் வந்து, மறுநாள் பிராக்டிசில் எல்லோரையும் ஒரே நேரத்தில் பாத்ரூம் போய்விட்டு வரச் சொல்லி வாட்சைப் பார்த்தேன். பத்தொன்பது நிமிஷம். இரண்டு இரண்டு பேராகப் போய் வாசலில் நின்று கதை பேசிவிட்டு வருகிறார்கள். சரி என்று இருபது நிமிஷமாகத் திருத்திவிட்டேன், வேன்காரரிடம் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு பைதான், மடியில் வைத்துக்கொள்கிற அளவு. பந்து ஆறையும் காற்றை இறக்கி ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் அங்கே அடித்துக்கொள்ளலாம் என்றேன், மாஸ்டருக்குக் கோபம், புதுப் பந்தும்மா அது என்கிறார். இன்னும் அந்த வழக்கு தீரவில்லை. தங்குவதற்கு ஒரு பள்ளிக்கூட வகுப்பறை, மெத்தை அவர்களே தருகிறார்கள். அங்கே பார்த்துக்கொள்கிற அம்மாவுக்குப் போன் செய்து, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்டேன். இதுவரைக்கும் யாரும் தாழ்ப்பாளைப் பத்திக் கேட்டதில்லையே என்றார். நான் முதலில் கேட்பதே அதைத்தான் என்று சொன்னேன், பிறகு நாங்கள் இரண்டு பேரும் நன்றாகப் பேசிக்கொண்டோம். அப்பா எட்டு பிளக் வைத்த எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று செய்து தந்திருக்கிறார், போன் சார்ஜுக்கு யாரும் முடியைப் பிடித்துச் சண்டை போடக்கூடாதாம். ஒரு பெண்ணின் அப்பா தன் காரில் வேனுக்குப் பின்னாலேயே வருகிறேன் என்கிறார். வருவதென்றால் முன்னால் போங்கள், பின்னால் வந்தால் உங்கள் மகள் எட்டு மணி நேரமும் திரும்பி உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று சொல்லியிருக்கிறேன். உன் தங்கை கண்ணாடி முன்னால் நின்று சர்வ் பழகி டியூப் லைட்டை உடைத்தாள். அப்பா எலக்ட்ரீஷியனாக இருப்பதால் பிழைத்தாள்.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். படிவத்தில் பன்னிரண்டு பெயர்தான் எழுத இடம். நம்மிடம் பதின்மூன்று பெண்கள். பதின்மூன்றாவது யார் என்றால் சிட்டு, எங்கள் டெப்போ கண்டக்டர் அக்காவின் மகள், நல்ல பெண், ஒரு நாள் விடாமல் பிராக்டிசுக்கு வருவாள், ஆனால் பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்வாள். மாஸ்டர் யார் நன்றாக ஆடுகிறார்களோ அந்த வரிசைப்படி எழுதி என்னிடம் தந்தார். உன் தங்கை எட்டாவது. சிட்டு கடைசி. நான் பேனாவை எடுத்து எட்டாவது பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் சிட்டு என்று எழுதினேன். யோசிக்கவே இல்லை, பஸ் வந்ததும் நேரம் எழுதுகிற மாதிரி எழுதிவிட்டேன். மாஸ்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுபடியுமா என்றார். அப்புறம், ஏம்மா, அன்னிக்கு அவ பேர அடிச்சது நீங்கதான்னு பெரியவளுக்குத் தெரியும்ல என்று கேட்டார். நான் பேனா மூடியைத் தேடினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அதான் என்னைப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போனாளா என்றார். ஏழு வருஷமாக அவருக்கு அது ஏன் என்றே தெரியாது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அந்தத் தாளை வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வேறு தாளில் முதலில் இருந்தபடியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

உனக்குப் பதினைந்து வயதில், அந்த வெளியூர்ப் போட்டிக்கு மாஸ்டர் தந்த பட்டியலில் நீ நாலாவதாக இருந்தாய். பதின்மூன்றாவதாக இல்லை, பன்னிரண்டாவதாகக்கூட இல்லை, நாலாவது. அடித்தது நான். மேனேஜர் மகள் என்பதால்தான் இடம் கிடைத்தது என்று ஒரு ஆள் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று அடித்தேன். யாரும் சொல்லவும் இல்லை. பெற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து, இப்படி ஒரு மேனேஜர் கிடைப்பாரா, சொந்தப் பெண்ணையே விட்டுவிட்டுப் போகிறாரே என்று என்னைப் புகழ்ந்தார்கள், எனக்கும் அது பிடித்திருந்தது, அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். நீ கட்டிலில் உட்கார்ந்து, ஒரு காலில் மட்டும் முழங்கால் பேட் போட்டுக்கொண்டு, அவ்ளோ மோசமாவாம்மா ஆடுறேன் என்று கேட்டாய். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மாஸ்டர் போட்ட லிஸ்ட், நான் என்ன பண்ண முடியும் என்று சொன்னேன். மறுநாள் நீ பேட் இரண்டையும் யாருக்கோ கொடுத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ பந்தைத் தொட்டு நான் பார்க்கவில்லை. படிப்பு வந்துவிட்டது, அதனால்தான் விட்டாள் என்று எல்லோரிடமும் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். போன வருஷம் நாம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது உன் கூட வேலை செய்கிற பெண் ஏதோ கேட்டாள், வாலிபாலா, எனக்கு அதெல்லாம் வராது என்று நீ அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. உனக்கு நன்றாக வந்தது. உன் கையிலிருந்து எழும்பிய பந்து எங்கே போய் நிற்கும் என்று அடிக்கிறவளுக்குப் பார்க்காமலே தெரியும் என்று மாஸ்டர் இன்றைக்கும் சொல்கிறார். நான் அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லாமல் இருந்தேன், ஏழு வருஷம்.

பட்டியல் மாறிய பிறகு சிட்டு வீட்டுக்கு நானே நேரில் போனேன். மாஸ்டர் போட்டது என்று சொல்லலாம், அது உண்மையும்கூட, ஆனால் அந்த வார்த்தையை இன்னொரு தடவை என் வாயால் சொல்ல மாட்டேன் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். பன்னிரண்டு பேருக்குத்தான் இடம், உங்கள் பெண் பதின்மூன்றாவது, என் பெண் எட்டாவது, நான் இதற்குச் சம்மதித்துத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று கண்டக்டர் அக்காவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, வண்டி ஃபுல்லுன்னு நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன், இன்னிக்கு எனக்கே சொல்லிட்டீங்க, உங்க பொண்ணுன்னா மட்டும் இடம் இருக்கும் என்றாள். சிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் டெப்போவில் என் ஜன்னல் வழியாக அக்கா நேரம் எழுத டிரிப் ஷீட்டை நீட்டினாள், ஒரு வார்த்தை இல்லை. டீ குடிக்கிற இடத்தில் நான் போனதும் பேச்சு நின்றது. ஒரு டிரைவர் என் காதில் விழுகிற மாதிரியே, சொந்தப் பிள்ளைன்னு வந்தா எல்லாருக்கும் நியாயம் தானா வளைஞ்சுடும் என்றார். இப்படியே நாலு நாள். ஐந்தாவது நாள் அக்கா ஷீட்டைத் தரும்போது, சிட்டு சாயங்காலம் பிராக்டிசுக்கு வருவா, வரக் கூடாதுன்னு எதுவும் இல்லையே என்று கேட்டாள், முகத்தைப் பார்க்காமல்தான். வரட்டும் என்றேன். சிட்டு வந்தாள், இப்போதும் கண்ணை மூடிக்கொள்கிறாள், மாஸ்டர் அவளைத் தனியாக நிற்க வைத்து மெதுவாகப் பந்தைப் போட்டுப் பழக்குகிறார்.

யார் என்ன சொல்வார்களோ என்று நான் அன்றைக்குப் பயந்தேனே, அத்தனையையும் இந்த நாலு நாளில் கேட்டாகிவிட்டது. கேட்டு முடித்தேன், 6.15 வண்டி 6.15க்கே கிளம்பியது, நான் நேரம் எழுதினேன், வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. இந்த நாலு நாள் பேச்சுக்குப் பயந்தா உன்னை விட்டேன் என்று. அப்பா என்னவென்று கேட்டார், எல்லாவற்றையும் சொன்னேன், அவருக்கும் இதுவரை தெரியாது. அவர் என் தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு வந்து, அவகிட்ட சொல்லு என்றார். உன்னிடம் மன்னிப்பு கேட்கிறேன். மேனேஜராக நான் செய்தது தப்பு, அதைவிட அம்மாவாக நான் உன்னிடம் பொய் சொன்னது பெரிய தப்பு. மாஸ்டர் மேல் உனக்கு இருக்கிற கோபத்தை எடுத்துவிடு, அது எனக்கு வரவேண்டியது, முழுசாக எனக்கே கொடு.

போட்டி அட்டவணை இதோடு வைத்திருக்கிறேன். நம் ஆட்டம் வெள்ளி ஒன்பதுக்கு, சனி பதினொன்றரைக்கு, ஜெயித்தால் ஞாயிறும் உண்டு. சனிக்கிழமை உனக்கு லீவு என்று தெரியும். உன் பஸ் ஸ்டாப்பிலிருந்து 9.20க்கு ஒரு வண்டி இருக்கிறது, 10.35க்கு மைதானத்து வாசலிலேயே இறக்கிவிடும், அந்த ஊர் டெப்போவில் விசாரித்துவிட்டேன். தங்கைக்கு இந்த விஷயம் எதுவும் தெரியாது, சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் உன் இஷ்டம். உடம்பைப் பார்த்துக்கொள், வெயிலில் வெறும் தலையோடு நடக்காதே, சம்பள நாள் வரைக்கும் பிரெட்டிலேயே ஓட்டாதே. நீ நினைக்கிறதெல்லாம் நடந்து, நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். வர முடியவில்லை என்றால் வேலை இருக்கிறது என்று எழுதாதே. உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை என்றே எழுது. இந்த வீட்டில் நிஜம் சொல்கிற ஒரு ஆளாவது இருக்கட்டும்.

உன் பெயரை அடித்த,
உன் அம்மா