மேல் டிவிஷனுக்குப் போன இரண்டு கம்பிகள்

அடியே, இன்று காலை நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரிங்லெட் டவுனில் என் மகள் பூ வியாபார ஆபீஸ் வைத்திருக்கிறாள் அல்லவா? அங்கிருந்து பூக்கட்டும் கொட்டகைக்கு இரண்டாவதாக ஒரு கம்ப்யூட்டர் வயர் இழுத்தார்கள். இழுத்த கையோடு எல்லாக் கம்ப்யூட்டரும் நின்றுபோயின. மகள் சுவிட்ச் பெட்டிக்கு என்னவோ கட்டளை தட்டிக்கொண்டே சொன்னாள்:

“ரெண்டு வழியும் ஒரே நேரத்துல தொறந்திருந்தா, அனுப்பினது சுத்திக்கிட்டே கெடக்கும்மா. எல்லாம் ஜாம் ஆயிடும். ஸ்பானிங் ட்ரீன்னு ஒரு ஏற்பாடு போட்டு, ரெண்டாவது வயர் சொருகுற போர்ட்ட மூடி வச்சிருக்கேன். மெயின் வயர் அறுந்தா இது தானா தொறந்துக்கும்லா.”

“தானாவா?” என்றேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உனக்கு விளங்கியிருக்கும். நீ கண்ணை மூடி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இதைக் கேட்க வைத்துவிட்டாய் பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எஸ்டேட் ஆபீஸ் டெலிபோன் போர்டில் நாம் இருவரும் மாறி மாறி உட்கார்ந்தோம். மேல் டிவிஷனுக்கு இரண்டு கம்பி. ஒன்று சாலையோரமாக, அதுதான் மெயின்; மற்றது தண்ணீர்த் தொட்டி வழியாகத் தேயிலைக்குள்ளே. போர்டில் மெயின் இணைப்பை வெட்டிவிட்டுத்தான் தொட்டிக் கம்பியைத் திறக்க வேண்டும். மறந்தால் இரண்டும் ஊமை. எங்கேயோ மாற்றி முடுக்கியிருக்கிறார்கள் என்று ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி சொல்வார். சரிசெய்ய மட்டும் ஆள் வராது.

“இது ரெண்டு பொண்டாட்டிக்காரன் வீடுடி. ஒருத்தி பேசறப்ப இன்னொருத்தி வாய மூடிக்கணும்” என்று சொல்லிச் சிரிப்பாய். உன் சிரிப்புக்குத் துரையே எட்டிப் பார்ப்பார்.

தீபாவளி கழிந்து வந்த அந்த மழையை நான் மறப்பேனா? மத்தியானம் ஃபேக்டரி ஆள் ஒருவர் சொட்டச் சொட்ட நனைந்து ஓடிவந்தார். “பாலம் போயிடுச்சு! மேலருந்து லோரிய எறக்க வேணாம்னு சொல்லு!” அந்த லோரியை ஓட்டுபவர் உன் புருஷன். மெயின் கம்பி செத்துக் கிடந்தது. நீ மெயினை வெட்டினாய், தொட்டிக் கம்பியைத் திறந்தாய், கைப்பிடியைச் சுற்றினாய். சத்தமே இல்லை. “எடுங்களேன், யாராச்சும் எடுங்களேன்!” உள்ளங்கைத் தோல் உரிந்தும் நீ நிறுத்தவில்லை. குறுக்கு வழியில் இரண்டு பேர் ஓடினார்கள். லோரி முந்திக்கொண்டது; பாலம் இருந்த இடத்தில் ஆற்றுக்குள் போய்விட்டது.

கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்குப் பயந்து லோரியில் ஏறாமல் நிறுவைக் கொட்டகையிலேயே நின்றுவிட்டார்கள். அவர் மட்டும் இறங்கி வந்திருக்கிறார். மட்டும் என்று எழுதுகிறேன், என்ன மனுஷி நான்!

நீ அழவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. சோற்றுத் தட்டின் முன்னால், குளிக்கும் இடத்தில், எங்கே பிடித்தாலும் ஒரே கேள்வி.

“மெயின மொதல்ல வெட்டினேனாடி? நீ பார்த்தே இல்ல?”

“வெட்டினே. என் கண்ணால பார்த்தேன்.”

“எனக்காகச் சொல்றே.”

கருமாதி அன்று கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் வந்து உன் முன்னால் தரையில் உட்கார்ந்தார். “தங்கச்சி, தொட்டிப் பக்கத்துக் கம்பி அங்க இல்லம்மா. தீபாவளிக்குப் பந்தல் கட்ட வெட்டி எடுத்துட்டோம். யாரும் பேசாத கம்பி, சும்மாத்தானே கெடக்குதுன்னு...”

“எவன்யா வெட்டினது?” என்று கத்தினேன். அவர் மாலை போட்ட படத்தைப் பார்த்தார்.

“அவருதான். அவரே வெட்டி, லோரியில ஏத்திட்டு வந்தாரு.”

ஐயோ, இவள் தாங்குவாளா என்று உன் தோளைப் பிடித்தேன். நீ அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

“அப்ப நான் சரியாத்தான் போட்டேன்” என்றாய்.

பிறகு அழுதாய், லயத்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி. அத்தனை நாளும் உன் கைதான் அவரைக் கொன்றது என்று நீ நினைத்திருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கூடவே இருந்தும் தெரியவில்லை. அந்த அதிர்ச்சி என்னை இன்றுவரை விட்டபாடில்லை.

உன் புருஷனை மனசுக்குள் நான் திட்டாத நாளில்லை. நீ ஒரு நாளும் திட்டவில்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்தான். எவராவது “எல்லாம் என்னாலதான்” என்று தலையில் அடித்துக்கொண்டால் நான் ஆறுதல் சொல்வதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, நடந்தது என்னவென்று விசாரிக்கப் போய்விடுகிறேன்.