அக்காள் பேரில் நின்ற காமாட்சிக்கு

என் ஆசைக் காமாட்சி,

அன்றைக்கு ஆபீஸ் வாசலில் நின்றவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். பேர்ப் புத்தகம் எழுதும் கிளாக்கர் சாமுவேல் ஐயா. பெரிய கங்காணி வீரமுத்து. உன்னை அழைத்துப்போக வண்டி கட்டி வந்த பதுளை ஆஸ்பத்திரி நர்ஸ் அம்மா, நாம் நோனா என்போமே, அவள். உன்னைப் பெற்றவளும் என் மாமியாருமான பேச்சியாயி. உன் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர். அப்புறம் நீ, நான். துரை உள்ளே இருந்தார், வெளியே வரவில்லை. நாற்பது வருசம் ஆகப்போகிறது. யார் எந்தத் தூணில் சாய்ந்து நின்றார்கள் என்றுகூட என்னால் சொல்ல முடியும்.

நீ மறந்திருப்பாயோ? போன இடத்தில் இதெல்லாம் ஞாபகம் இருக்குமா?

என் மகள் வயிற்றுப் பேத்தி தங்கம்மா நாளைக் காலையில் கொழும்புக்கு நர்ஸ் படிப்புக்குப் போகிறாள். பதுளைக்கு இப்போது ரயில் வந்துவிட்டது, காமாட்சி. அவள் பெட்டியில் சேலை மடித்து வைக்கும்போது உன் நினைப்பு வந்துவிட்டது. அதுதான் எழுத உட்கார்ந்தேன். மிஷன் பள்ளியில் நாலு வருசம் படித்தவள் நீ. எனக்கு நீ நம் லயத்து வரிசை வீட்டு வாசல் மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டிய எழுத்துத்தான். பிழை இருந்தால் நீதான் பொறுப்பு.

பிள்ளை குறுக்கே கிடந்த ஒருத்திக்குத் துணையாக நீ பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனாய். எட்டு நாள் அங்கேயே இருந்தாய். ரத்தத்தைக் கண்டு நீ முகம் சுளிக்காததைப் பார்த்த நர்ஸ் நோனா, உன்னைப் படிப்புக்கு அனுப்புவதாகச் சொன்னாள். தமிழ் பேசும் பெண் ஆஸ்பத்திரிக்கு வேண்டுமாம். அன்று லயத்தில் நடந்த சண்டை இருக்கிறதே!

"மருத்துவச்சி வேலைக்காடி போற? நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று உன் அம்மா கத்தினாள்.

"புண்ணுக்குக் கட்டுப் போடத்தாம்மா போறேன். என்னய எவன் கட்டுனா என்ன, கட்டாட்டி என்ன?" என்றாய் நீ. நான் அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தேன்.

கடைசியில் அவளும் ஒத்துக்கொண்டாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் போனால் சேர்க்க மாட்டார்கள், தோட்டத்து ஆபீஸ் வயதுக் கடிதம் தரவேண்டும் என்றார்கள். உனக்கு இருபத்திரண்டு. நாம் பயப்பட என்ன இருக்கிறது?

சாமுவேல் ஐயா புத்தகத்தை விரித்தார். "காமாட்சின்னு ஒரு பேருமில்லையே. அன்னக்கிளின்னுதான் இருக்கு. வயசு இருபத்தெட்டு."

அன்னக்கிளி உன் அக்காள். நீ மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் முன்பே செத்துப்போனவள். நம் தோட்டத்தில் செத்த பேரை வெட்டுவதில்லை, அடுத்த பிள்ளையை அந்தப் பேரில் ஏற்றிவிடுவார்கள். பேர் குறைந்தால் துரையிடம் கங்காணிக்கு மதிப்புக் குறையும். அதனால் விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் "அன்னக்கிளி" என்று கூப்பிட்டால் "இருக்கேன்" என்று நீ சொன்னாய். தோட்டம் முழுக்க இது தெரியும். அது ஒரு குற்றமாகவே யாருக்கும் படவில்லை.

"எட்டு நாள் எங்கூட இருந்த புள்ள, இது காமாட்சி" என்றாள் நோனா.

"புத்தகத்துல உள்ளததான் நோனா எழுதலாம்."

என்னால் பொறுக்க முடியவில்லை. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாதவள், முன்னால் போய் நின்றேன். "அன்னக்கிளி செத்துப்போச்சுங்க ஐயா. இவ தங்கச்சி."

கிளாக்கர் உன் அண்ணனைப் பார்த்தார். "ஏம்ப்பா, ஒம் பொண்டாட்டி சொல்றது நெசமா?"

வீரமுத்து தொண்டையைச் செருமினார். அடுத்த மாதம் உன் அண்ணனைத் தனக்குக் கீழே சில்லறைக் கங்காணி ஆக்குவதாகச் சொல்லியிருந்தவர் அவர்தான். செத்த பேரில் ஆள் ஓட்டுவது துரை காதுக்குப் போனால் முதலில் மாட்டுவதும் அவர்தான்.

"அவளுக்கு என்னங்க தெரியும், நேத்து வந்தவ. இது அன்னக்கிளிதான்" என்றார் உன் அண்ணன். கிளாக்கர் வயது இருபத்தெட்டு என்றே எழுதினார்.

நீ அழவில்லை. நோனா உன் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வண்டி ஏறினாள். மறுநாள் பெரட்டில் "அன்னக்கிளி" என்றதும் நீ "இருக்கேன்" என்றாயே, அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

காய்ச்சல் வந்த வருசம் லயம் லயமாகப் போய்க் கஞ்சி ஊற்றினாய், துணி அலசினாய், கடைசியில் நீயும் படுத்தாய். அந்தப் பேரில் ஏற்ற வீட்டில் வேறு பிள்ளை இல்லை, அதனால் புத்தகத்தில் அன்னக்கிளி பேரை வெட்டினார்கள். காமாட்சி என்று ஒருத்தி இந்தத் தோட்டத்தில் பிறந்ததாகவும் இல்லை, செத்ததாகவும் இல்லை.

சாமுவேல் ஐயா சாகும் முன் என்னைக் கூப்பிட்டு, "தெரிஞ்சுதாம்மா எழுதுனேன்" என்றார். விட்டுவிட்டேன். அன்று ஆபீஸ் வாசலில் வாய் திறக்காத உன் அம்மா கடைசி மூச்சுவரை உன் பேரைத்தான் சொன்னாள். அவளையும் விட்டேன். வீரமுத்து எனக்கு யார்? அந்நியன்.

உன் மருமகன், என் மகன் ராமசாமி, பதுளையில் ஆபீஸ் வேலை படித்தான். டைப் அடிக்கிறான்! இப்போது லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பேர்ப் புத்தகம் அவன் கையில். "உசிரோட நிக்கிற ஆளை அதது பேர்ல எழுதுடா" என்று சொல்லித்தான் அனுப்பினேன். தங்கம்மாவின் வயதுக் கடிதத்துக்கு நம் ஆபீஸுக்கு நானே போய் நின்றேன். "பத்தொம்போது. பெறக்கறப்ப தொப்புள்கொடி அறுத்தவ நான்." புதுக் கிளாக்கர் சிரித்துவிட்டார். "ஒங்களை மீறி எழுதுவேனா பாட்டி?"

உன் அண்ணனுக்குக் காலில் ஆறாத புண். இத்தனை நாள் தங்கம்மாதான் கழுவிக் கட்டினாள். போன வாரம் அவர் சொல்கிறார், "காமாட்சி இருந்தா நல்லாப் பாத்திருப்பா." நான் தண்ணீர்ச் சொம்பை வைத்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

நாளை முதல் அந்தக் காலை நான் கழுவுவேன், சீழ் வந்தாலும் முகம் சுளிக்க மாட்டேன். நீ இருந்தால் அப்படித்தான் செய்திருப்பாய், அதனால் இது உனக்குத் தரும் வாக்கு. அவருக்காக மன்னிப்பை மட்டும் என்னிடம் கேட்காதே. கட்டியவன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று இத்தனை வருசம் என் நாக்கில் அது ஏறியதில்லை. இன்று எழுதுகிறேன். நான் மன்னிக்காத ஆள், கருப்பையா.

உன் மதினி,
மூக்காயி